பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்தால்: அருங்காட்சியகக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் ஒரு சிறிய தன்னார்வக் குழு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று எங்கள் பொறுப்புக்கு வந்தபோது, மூன்று ஆண்டுகளில் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதில் நான்கு ஆண்டுகளாவது வேலைகளை முன்பின்னாகச் செய்ததால் வீணானவை. பெயின்ட் அடித்து முடித்த பிறகு தரையில் ஈரம் ஏறுவதைக் கண்டோம். எஞ்சினைக் கழற்றி வைத்த பிறகுதான் அது வேறொரு குழுவுக்குச் சொந்தம் என்று கடிதம் வந்தது. காக்பிட்டுக்குள் ஆறு மாதம் ஏறி இறங்கிய பிறகு, கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்து எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்.

இந்த வேலையைத் தொடங்கப்போகும் உங்களுக்கு அந்த நான்கு ஆண்டுகள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். விமானத்தை மறுபடி பறக்க வைக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படாது. அதற்குச் சட்டங்களும் வேறு, செலவும் வேறு. ஓரிடத்தில் நிறுத்திப் பாதுகாத்துக் காட்சிக்கு வைப்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். கீழே உள்ள வரிசையை முடிந்தவரை மாற்றாதீர்கள்.

1. விமானம் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்

விமானம் கிடக்கும் நிலத்தின் சொந்தக்காரர் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. நிலம் ஒருவருடையதாகவும் விமானம் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம், அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஓர் அரசாங்கம். அமெரிக்கக் கடற்படை தன் விமானம் எந்தக் கடலில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. அதே நாட்டின் விமானப்படையோ, 1961 நவம்பர் 19-க்கு முன்பு விழுந்த தன் விமானங்களைக் கைவிடப்பட்டவையாகக் கருதுகிறது. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ராணுவ விமானம் விழுந்த இடத்தைத் தோண்ட, அது தனியார் நிலமே ஆனாலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். ஒரே நாட்டிலேயே இரண்டு விதி என்றால், உங்கள் விமானம் எந்தப் படையைச் சேர்ந்தது, எங்கே கிடைத்தது என்ற இரண்டையும் முதலில் உறுதி செய்யாமல் எதுவும் பேச முடியாது.

'ஸ்வாம்ப் கோஸ்ட்' என்று அழைக்கப்படும் பி-17 ரக அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தை நினைவில் வையுங்கள். 1942-இல் பப்புவா நியூ கினியின் சதுப்பு நிலத்தில் இறங்கி அங்கேயே கிடந்தது. 2006-இல் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி வெளியே எடுத்தார்கள். ஏற்றுமதி அனுமதி குறித்துச் சர்ச்சை எழவே, துறைமுகத்திலேயே 2010 வரை முடங்கிக் கிடந்தது. சேற்றிலிருந்து எடுக்கும் வேலையைவிடக் காகித வேலைக்கு அதிக காலம் பிடித்தது.

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை: உரிமை மாற்றப் பத்திரம், அதற்கு முந்தைய உரிமையாளர்கள் யார் யார் என்று காட்டும் தொடர் ஆவணங்கள், நில உரிமையாளரின் சம்மதக் கடிதம், துப்பாக்கிகள் இருந்தால் அவை செயலிழக்கச் செய்யப்பட்டதற்கான சான்றிதழ், நாடு விட்டு நாடு கொண்டுபோவதாக இருந்தால் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகள். உரிமைப் பத்திரத்தில் "விமானம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுத விடாதீர்கள். எஞ்சின்கள், புரொப்பெல்லர்கள், துப்பாக்கிக் கூண்டுகள், கருவிகள் என்று ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணோடு பட்டியலிட வேண்டும். நாங்கள் அதைச் செய்யாததால்தான் எஞ்சின் விவகாரத்தில் மாட்டிக்கொண்டோம். அதைத் தீர்க்க ஒன்றரை ஆண்டு ஆனது.

விமானம் கடனாக வருகிறது என்றால் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் கட்டாயம் காட்டுங்கள். காப்பீடு யார் பொறுப்பு, பெயின்டை மாற்ற யார் அனுமதி வேண்டும், ஆண்டுதோறும் என்ன அறிக்கை அனுப்ப வேண்டும், திருப்பிக் கேட்டால் கழற்றி அனுப்பும் செலவு யாருடையது என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் தெளிவான பதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய விமானத்தைத் திருப்பி அனுப்புவது ஒரு சிறு அருங்காட்சியகத்தின் பல ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்று. விழுந்த விமானமாக இருந்து, அதில் சென்ற வீரர்களில் யாராவது இன்னும் கணக்கில் வராமல் இருந்தால், அது ஒரு கல்லறையும் கூட. எலும்போ அடையாள வில்லையோ கண்ணில் பட்டால் அந்த நொடியே வேலையை நிறுத்தி, உரிய அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். வீரர்களின் குடும்பங்கள் இன்றும் காத்திருக்கின்றன.

காகித வேலைக்கு ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். இரண்டு நாடுகள் சம்பந்தப்பட்டால் இரண்டு.

2. யாரையும் உள்ளே விடும் முன் ஆபத்துகளைக் கண்டறியுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் உயிர் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெடிபொருள். குண்டு அறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். துப்பாக்கித் தோட்டாக்கள் ஊட்டுப் பாதைகளில் சிக்கியிருக்கும். சைகை காட்டும் ஒளிக்குண்டுகள் இருக்கைக்கு அடியில் இருக்கும். எதிரி கையில் சிக்காமல் இருக்க ரகசிய வானொலிக் கருவிகளைச் சிதைப்பதற்கென்று சிறிய வெடிகளை வைத்திருந்தார்கள். இதையெல்லாம் ராணுவ அல்லது காவல்துறை வெடிபொருள் நிபுணர்கள் பார்த்து, எழுத்தில் சான்று தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காதீர்கள். காப்பீட்டு நிறுவனம் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்கும்.

அடுத்து ரேடியம். இரவில் தெரிவதற்காக அந்தக் காலக் கருவி டயல்களில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த சாயம் பூசினார்கள். இன்று அவை ஒளிர்வதில்லை, அதனால் பாதிப்பில்லை என்று தோன்றும். ஒளிரும் வேதிப்பொருள்தான் செத்துவிட்டதே தவிர ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,600 ஆண்டுகள். உடைந்த டயலில் இருந்து உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. மூடிய அறையில் பல டயல்களைச் சேர்த்து வைத்தால் ரேடியத்திலிருந்து வெளிவரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு தேங்கும். கருவிப் பலகையைத் தனியாகக் கழற்றி, காற்றோட்டமான பூட்டிய அறையில், எச்சரிக்கைப் பலகையோடு வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் டயலின் கண்ணாடியைத் திறக்காதீர்கள். பல நாடுகளில் இவற்றை வைத்திருக்கவே பதிவு அல்லது உரிமம் தேவை.

உட்புறம் முழுவதும் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பூச்சு தெரிந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குரோமேட். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதை மறந்துவிடுங்கள். வெளிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். போல்ட்டுகளின் மேல் காட்மியம் என்ற நச்சு உலோகப் பூச்சு இருக்கும். எஞ்சின் தீத்தடுப்புச் சுவர், புகைபோக்கிக் குழாய்கள், பிரேக் பட்டைகள் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இவற்றை அகற்றும் வேலையை உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். கழிவுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

கடைசியாக, அழுத்தத்தில் இருக்கும் பாகங்கள். ஆக்சிஜன் உருளைகள், ரப்பர் படகை ஊதும் வாயு உருளை, ஹைட்ராலிக் அழுத்தக் கலன்கள், சக்கரக் கால்களின் அதிர்வுத் தாங்கிகள் எல்லாம் எண்பது ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் தாங்கி நிற்கக்கூடும். சக்கரங்கள் பல இரண்டு பாதிகளாகப் பிரியும் வகை. டயரில் காற்று இருக்கும்போது அதன் போல்ட்டுகளைத் தளர்த்தினால் சக்கரம் குண்டுபோல வெடிக்கும். காற்றை இறக்கி, வால்வையே கழற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானங்களின் தீயணைப்பான்களில் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு இருக்கலாம். அதையும் நிபுணரே கையாளட்டும்.

எரிபொருள் தொட்டிகளில் மிச்சம் இருப்பது ஆவிதான் என்றாலும் ஒரு பொறி போதும். 'கீ பேர்ட்' என்ற பி-29 ரக அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் கிரீன்லாந்துப் பனியில் 1947 முதல் கிடந்தது. 1995-இல் அதைப் பறக்கவைக்கும் முயற்சியின் கடைசிக் கட்டத்தில், துணை மின்னாக்கியின் எரிபொருள் ஒழுகித் தீப்பிடித்து, விமானமே எரிந்துபோனது. பனி காப்பாற்றி வைத்த ஒன்று சில மணி நேரத்தில் போய்விட்டது.

3. கை வைக்கும் முன் முடிவெடுங்கள்: புதுப்பிப்பதா, உள்ளபடி காப்பதா

எங்கள் குழு உடைந்து போகும் நிலைக்கு வந்தது இந்தக் கேள்வியில்தான். பாதிப் பேர் பளபளவென்று தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைப் போல இருக்க வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் ஒரு கீறலைக்கூட அழிக்கக் கூடாது என்றார்கள்.

ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு ரகத்தைச் சேர்ந்த இரண்டு விமானங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே நார்வே ஏரிகளில் மூழ்கியவை. 1973-இல் எடுக்கப்பட்ட ஒன்று, லண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே, நசுங்கியும் கிழிந்தும் கிடக்கும்படி வைக்கப்பட்டது. 1995-இல் மியோசா ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட மற்றொன்று கனடாவின் டிரென்டன் நகரில் பத்தாண்டு உழைப்பில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு 2005-இல் திறக்கப்பட்டது. முதலாவது போரின் முடிவைக் காட்டுகிறது. இரண்டாவது வீரர்கள் ஏறிச் சென்ற இயந்திரத்தைக் காட்டுகிறது. இரண்டுமே சரியான முடிவுகள்தான். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியிலிருந்து 1985-இல் எடுத்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் மூன்றாவது வழி தெரிகிறது. துணிப்போர்வை போய்விட்டதால் அதன் வலைப்பின்னல் எலும்புக்கூடு வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அந்த வடிவமைப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

தவறு எங்கே நடக்கிறது என்றால், முடிவே எடுக்காமல் வேலையைத் தொடங்கும்போதுதான். எது அசல், எது பின்னால் சேர்த்தது என்று தெரியாமல் உரித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. 'மெம்பிஸ் பெல்' என்ற பி-17 விமானத்தைப் புதுப்பித்தபோது, 1943-இல் போர் நிதி திரட்ட ஊர் ஊராகச் சென்ற பயணத்தில் மக்கள் அதன் அலுமினியத் தோலில் கீறிய பெயர்கள் பெயின்டுக்கு அடியில் கிடைத்தன. அதெல்லாம் ஆவணம். மணல் பீய்ச்சிப் பெயின்டை அகற்றும் இயந்திரம் அரை மணி நேரத்தில் அத்தனையையும் துடைத்திருக்கும்.

பெயின்ட் அடுக்குகளில் வேறொரு சிக்கலும் உண்டு. போருக்குப் பின் பிரிட்டன் கான்பூரில் கைவிட்டுச் சென்ற, அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் (பி-24) குண்டுவீச்சு விமானங்களை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் சீராக்கி, இந்திய விமானப்படை 1968 வரை பயன்படுத்தியது. இன்று உலகின் சில அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்கள் அங்கிருந்து போனவைதான். அப்படிப்பட்ட விமானத்துக்கு எந்தப் படையின் வண்ணம் தீட்டுவீர்கள்? போரில் பறந்த சில ஆண்டுகளா, அதற்குப் பிறகு உழைத்த இருபது ஆண்டுகளா? எந்த ஆண்டின், எந்த மாதத்தின் நிலையைக் காட்டப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்திடுங்கள். எங்களுக்குள் சண்டை நின்றது அந்தக் காகிதத்தால்தான்.

முடிவு வந்ததும் படமெடுங்கள். ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு துளையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண், எழுத்து அழியாத அட்டை, பதிவேட்டில் ஒரு வரி. எங்களுக்கு இதற்கு ஏழு மாதம் பிடித்தது, சலிப்பாகவும் இருந்தது. ஆனால் நான்கு ஆண்டு கழித்துத் திரும்பப் பூட்டும்போது அந்தப் பதிவேடு இல்லாமல் ஒரு குழாயைக்கூட அதன் இடத்தில் வைத்திருக்க முடியாது.

4. கட்டடம் தயாராகும் வரை விமானத்தை நகர்த்தாதீர்கள்

வெட்டவெளியில் நிற்கும் விமானம் நின்ற இடத்திலேயே சாகும். ஹிரோஷிமா மீது அணுகுண்டு போட்ட 'எனோலா கே' என்ற பி-29 விமானம் 1950-களில் சில ஆண்டுகள் ஒரு விமானத் தளத்தில் திறந்தவெளியில் நின்றது. பறவைகள் கூடு கட்டின, நினைவுப்பொருள் தேடுபவர்கள் உள்ளே புகுந்தார்கள், ஈரம் எல்லா இடுக்கிலும் இறங்கியது. 'மெம்பிஸ் பெல்' விமானத்துக்கும் பல பத்தாண்டுகள் அதே கதிதான்.

முதலில் அளவுகள். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரின் இறக்கை முனைக்கு முனை 31 மீட்டர், பி-17 அதைவிடச் சற்றே அதிகம், லிபரேட்டர் 33.5 மீட்டர், பி-29 43 மீட்டர். இந்த எண்ணோடு சுற்றிலும் மக்கள் நடக்க இடம், தீயணைப்பு வாகனம் வர வழி, ஜாக் வைத்துத் தூக்க மேலே இடைவெளி எல்லாம் சேர்க்க வேண்டும். வால் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையின் நடு உயரத்தைப் பார்த்துச் சரி என்கிறார்கள், வாசலின் உயரத்தைப் பார்ப்பதில்லை. பிரிட்டனின் டக்ஸ்ஃபோர்டில் அமெரிக்க விமானங்களுக்கான கூடத்தை 56 மீட்டர் இறக்கை கொண்ட பி-52 விமானத்தை வைத்தே வடிவமைத்தார்கள். பின்னாளில் உள்ளே இருந்த விமானங்களை வெளியே எடுக்க அதன் கண்ணாடி முகப்பையே கழற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு வசதி உங்களுக்கு இருக்காது. ஒருநாள் வெளியே எடுக்க வேண்டிவரும் என்று எண்ணியே வாசலைக் கட்டுங்கள்.

தரையின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். லங்காஸ்டரின் வெற்று எடை 16 டன்னுக்கு மேல். அது முழுவதும் இரண்டு முன்சக்கரங்கள், ஒரு வால்சக்கரம் வழியாகத்தான் தரையில் இறங்குகிறது.

ஈரப்பதம்தான் உண்மையான எதிரி. உலோகத்துக்கு 50 சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதம் நல்லது, ஆனால் மரமும் ரப்பரும் மிகவும் உலர்ந்தால் வெடிக்கும். மரத்தால் ஆன மாஸ்கிட்டோ போன்ற விமானத்தை அலுமினிய விமானம்போல் உலர்த்தக் கூடாது. 45 முதல் 55 சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கமில்லாமல் வைப்பது பாதுகாப்பான நடுவழி. கட்டி முடித்த கூடத்தில் விமானம் இல்லாமலேயே ஓர் ஆண்டு முழுவதும் ஈரப்பதத்தைப் பதிவு செய்யுங்கள். எங்கள் கூடத்தில் மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரம் ஏறியது. வெறும் கூடமாக இருந்தபோதே பார்த்திருந்தால் ஒரு மாத வேலையோடு முடிந்திருக்கும். விமானம் உள்ளே வந்த பிறகு அதைச் சரிசெய்ய ஓர் ஆண்டு ஆனது.

தீத்தடுப்புக்கு முதலிலேயே திட்டமிடுங்கள். 1978-இல் சான் டியாகோ நகர விமான அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்து, அதன் சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது.

5. கழற்றுதலும் ஏற்றிச் செல்வதும்

நல்ல செய்தி ஒன்று: இந்த விமானங்கள் பல, பகுதி பகுதியாகத் தயாரித்துச் சாலையில் கொண்டுபோய்ப் பூட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. லங்காஸ்டர் அப்படித்தான் கட்டப்பட்டது. அதனால் தொழிற்சாலை பூட்டிய இணைப்புகளில்தான் பிரிக்க வேண்டும். போல்ட் அசையவில்லை என்பதற்காக இறக்கையை வாயு வெட்டியால் அறுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறக்கையின் எடையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தை அறுத்துவிட்டால், அந்த விமானத்தை எந்தக் கூடத்திலும் நம்பி நிறுத்த முடியாது. இறுகிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயும், பல நாள் பொறுமையும், சரியான இழுப்பானும் போதும். ஒரு போல்ட்டுக்கு மூன்று வாரம் செலவழித்தோம். அது நியாயமான காலம்தான்.

எச்சரிக்கை: மூக்குச் சக்கரம் கொண்ட விமானங்களில் எஞ்சினைக் கழற்றினால் எடையின் மையம் பின்னால் போய், வால் தரையில் இடிக்கும். பி-24, பி-25, பி-29 எல்லாம் இந்த வகை. வாலுக்கு அடியில் தாங்கி வைத்துவிட்டுத்தான் எஞ்சினின் முதல் போல்ட்டைத் தொட வேண்டும். எங்கள் விமானத்தின் வால் ஒரு சாண் அளவு இறங்கியபோது உள்ளே ஒருவர் இருந்தார். யாருக்கும் காயமில்லை, ஆனால் பின்பக்கத் தகடுகள் இரண்டு மடங்கின.

ஜாக் வைக்கும் இடங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் இருக்கும். கையேட்டின் நகல் இல்லாமல் தூக்கவே கூடாது. பெரிய விமான அருங்காட்சியகங்களின் ஆவணக் காப்பகங்களுக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் சிறு கட்டணத்தில் நகல் தருவார்கள்.

சாலைப் பயணத்துக்கு: அகலமான சுமைக்கான அனுமதி, காவல்துறைத் துணை, வழியில் உள்ள பாலங்கள், மின்கம்பிகள், வளைவுகள் ஆகியவற்றின் அளவுப் பட்டியல். வழி முழுவதையும் நீங்களே ஒருமுறை அளவுகோலோடு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் வளைவுக்கு ஏற்ற மரத் தொட்டில் செய்ய வேண்டும், அதன் மேல் மெத்தை போட வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டாதீர்கள். அது காற்றில் அடித்துக்கொண்டே பெயின்டைத் தேய்த்துவிடும்.

6. அரிப்பை நிறுத்துங்கள், பளபளப்பு அப்புறம்

அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். அது இரும்புபோல் சிவக்காது, ஆனால் வெள்ளைத் தூளாக உதிரும், இலை இலையாகப் பிளக்கும். எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் வேகமாக நடக்கும். மெக்னீசியக் கலவையால் ஆன சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் முன்பாகப் போகும். மேலே நன்றாகத் தெரியும் தகட்டைத் தட்டிப் பாருங்கள். ஒரு தகடு இன்னொன்றின் மேல் படியும் இடங்களில், ரிவெட் வரிசைகளின் ஓரத்தில், தகடு லேசாக வீங்கியிருந்தால் உள்ளே அரிப்பு இருக்கிறது.

கடலிலிருந்து எடுத்த விமானம் காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்தே கரையத் தொடங்கும். ஆங்கிலக் கால்வாயிலிருந்து 2013-இல் டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை எடுத்தபோது, வருவதற்கு முன்பே காஸ்ஃபோர்டில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரங்கள் தயாராக இருந்தன. சிட்ரிக் அமிலக் கரைசலை அதன் மேல் தொடர்ந்து தூவி உப்பையும் கடல் படிவுகளையும் நீக்கினார்கள். அந்த வேலை மாதங்களில் முடியவில்லை, ஆண்டுகள் ஆனது. அந்தக் கூடாரமும் தெளிப்பானும் உங்களிடம் இல்லையென்றால், கடலில் இருப்பதைக் கடலிலேயே விடுங்கள்.

பிறகு ஒரு பொதுவான தவறு. பல விமானங்களின் தோல், வலுவான கலவையின் மேல் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டிச் செய்தது. அந்தப் படலம்தான் பாதுகாப்பு. கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் அந்தப் படலம் போய்விடும். நன்கொடையாளர்களுக்குப் பளபளப்பு பிடிக்கும், தெரியும். இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூண்டுகளை ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த திரவத்தால் துடைத்தால் நுண்ணிய விரிசல் ஓடும். சுத்தமான நீரும் மென்மையான துணியும் போதும். புதிதாகச் செய்து மாட்டும் பாகத்தின் உட்புறத்தில் "புதியது" என்றும் ஆண்டையும் பொறியுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து வேலை செய்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

7. பணமும் காலமும்

'எனோலா கே' விமானத்துக்குச் சுமார் 3,00,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. வேலை தொடங்கியது 1984 இறுதியில், முழு விமானமும் மக்கள் பார்வைக்கு வந்தது 2003-இல். 'மெம்பிஸ் பெல்' 2005-இல் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து 2018 மே 17 அன்று திறக்கப்பட்டது. இவை பெரிய பட்டறைகள். வாரக் கடைசியில் கூடும் பத்துப் பதினைந்து பேர் மூன்று ஆண்டில் முடிப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொகைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எண்ணாகச் சொல்வதில் பயனில்லை. எங்கள் கணக்கில் வந்த விகிதத்தைச் சொல்கிறேன்: கட்டடமும் அதன் பராமரிப்பும் பாதிக்கு மேல். கிரேன், போக்குவரத்து, கழிவு அகற்றல், காப்பீடு சேர்ந்து மீதியில் பெரும்பங்கு. விமானத்தின் மேல் நேரடியாகச் செலவழித்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பெயின்டுக்குப் பணம் தர ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்தின் மின்கட்டணத்துக்கு யாரும் தரமாட்டார்கள். அதனால் முதல் நன்கொடையிலிருந்தே ஒரு பங்கை ஆண்டுச் செலவுக்கான நிதியாகத் தனியே போட்டு, அதைத் தொடக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். கிரேன் வாடகையை மணிக்கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள். அவசரம் இருந்தால்தான் விபத்து நடக்கும்.

8. காட்சிக்கு வைத்தல்

விமானத்தின் எடையை டயர்களில் விடாதீர்கள். ஜாக் புள்ளிகளில் எஃகுத் தாங்கிகள் வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி செய்யுங்கள். ஓரிடத்திலேயே எடை தாங்கும் ரப்பர் தட்டையாகி வெடிக்கும், அசல் டயர் இன்னொன்று கிடைக்காது. எனோலா கே விமானத்தைத் தாங்கிகளில் உயர்த்தி வைத்து, மேலே ஒரு நடைபாதையும் அமைத்திருக்கிறார்கள். காக்பிட்டை எட்டிப் பார்க்கலாம், ஆனால் தொட முடியாது. கைவியர்வையில் உள்ள உப்பு போதும் உலோகத்தைக் கெடுக்க. எல்லோரும் ஏறிப் பார்க்கும் ஆசை நியாயமானது. அதற்கு மூக்குப் பகுதியின் மாதிரி ஒன்றைத் தனியாகச் செய்து வையுங்கள்.

நேரடிச் சூரிய ஒளி துணியையும் பிளாஸ்டிக்கையும் சில ஆண்டுகளில் தின்றுவிடும். ஜன்னல்களுக்குப் புற ஊதாக்கதிர் வடிகட்டிப் படலம், விளக்குகளுக்கு எல்.இ.டி. எஞ்சின்களுக்கு அடியில் எண்ணெய் சொட்டும் தட்டு. எத்தனை முறை வடித்தாலும் சொட்டும்.

விளக்கப் பலகையை நீங்களே ஓர் இரவில் எழுதிவிடாதீர்கள். எனோலா கே காட்சிக்காக எழுதிய விளக்கத்தில் எழுந்த சர்ச்சையால் 1995 தொடக்கத்தில் அந்தக் கண்காட்சி ரத்தானது, அருங்காட்சியகத்தின் இயக்குநர் பதவி விலகினார். முன்னாள் படைவீரர்களின் வலியும் உண்மை, குண்டு விழுந்த ஊரின் வலியும் உண்மை. இந்த விமானம் எத்தனை பேரைச் சுமந்தது என்று சொல்லும் பலகையில், அது எங்கே குண்டு போட்டது, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் பலகையின் வாசகத்தை வீரர்களின் குடும்பத்தினர், வரலாற்று ஆசிரியர்கள், குண்டுவீச்சில் வீடிழந்த ஒருவர் என்று மூன்று தரப்பிடமும் காட்டினோம். எட்டு மாதம் ஆனது, பதினோரு முறை திருத்தினோம். அந்த வாசகத்தைப் படித்துக்கொண்டு ஒரு பாட்டி வெகுநேரம் அங்கேயே நின்றதை நான் பார்த்தேன்.

9. திறந்த பிறகு

வேலை முடியாது. வாரம் ஒருமுறை ஈரப்பதப் பதிவைப் பாருங்கள், எண்ணெய்த் தட்டைக் காலி செய்யுங்கள், பூச்சி, எலி, பறவை நுழைந்த தடம் இருக்கிறதா என்று வால் பகுதிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை மேற்பரப்புத் தூசியை மென்மையான தூரிகையால் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளுங்கள், ஈரத்துணி வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை தாங்கிகளின் போல்ட்டுகள், இறக்கை இணைப்புகள், காப்பீடு, கடன் ஒப்பந்த அறிக்கை, ரேடியம் அறையின் அளவீடு.

அதே ஆண்டுச் சோதனையில், தரையில் குறித்து வைத்த அதே இருபது இடங்களில் நின்று, அதே உயரத்தில் கேமராவை வைத்து, விமானத்தைப் படமெடுங்கள். எங்கள் விமானத்தின் இடது இறக்கை வேரில் புதிதாக வந்த அரை அங்குல வீக்கத்தை யார் கண்ணும் பிடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டுப் படத்தை முதலாம் ஆண்டுப் படத்தின் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. ஒரே ஒரு தகட்டைக் கழற்றிச் சரிசெய்வதோடு போயிற்று.